இமையில் தையல், உதட்டில் சிவப்பு

பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கு அவள் மூஞ்சிதான் போர்டு. அந்த போர்டு ஒரு பக்கம் தொங்கிப்போனால் என்ன பாடு என்பது, கண்ணாடி முன்னால் காலம் தள்ளும் என் தொழில் சகோதரிகளுக்குச் சொல்லாமலே புரியும். கொல்லிமலை செம்மேட்டில் எனக்கு ஒரு சின்ன பார்லர். இடது இமை சரிந்து சரிந்து பாதிக் கண்ணை மூடிவிட்டதால் சேலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

டாக்டரம்மா போட்ட எல்லை

கட்டைப் பிரித்ததும் வலியைப் பற்றியோ பார்வையைப் பற்றியோ நான் கேட்கவில்லை. "மை எப்பங்க போடலாம்?" என்றுதான் வாயில் வந்தது. தையல் பிரித்து, புண் முழுக்க ஆறும்வரை கண் பக்கம் எதுவும் கூடாது என்றார் டாக்டரம்மா. பழைய மை, மஸ்காராவையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டு, "உதட்டுக்கு என்ன வேணா பூசிக்கங்க, அங்க நான் தையல் போடல" என்றார்.

பஸ்ஸில் பஞ்சாயத்து

பளிச்சென்ற சிவப்பு லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டுதான் ஊர் திரும்பினேன். பார்க்கிறவர்கள் பார்வை உதட்டோடு நின்றுவிடும் என்று நினைப்பு. எதிர் சீட்டு அம்மா வீங்கி ஊதா பூத்த கண்ணைத்தான் பார்த்தார். அப்புறம், சொட்டு மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் தூங்கிய என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "பொம்பளப் புள்ளய அடிக்கற கையா இது?" என்று ஆரம்பித்தவர், மலைப்பாதையின் வளைவுக்கு ஒரு திட்டாகத் திட்டினார். மனுஷர் விழித்து, ஒன்றும் புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சிரிப்பில் எனக்குத் தையல் இழுத்தது. ஒரு வழியாக ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "அப்படியா கண்ணு? இருந்தாலும் திட்டுனத வாபஸ் வாங்க மாட்டேன். வேற எதுக்காச்சும் ஆகட்டும்."

வளப்பூர் நாட்டுக் கல்யாணம்

தையல் பிரித்துப் பார்வை தெளிந்துவிட்டது. ஊதா மட்டும் போகவில்லை. மலையிலேயே வளப்பூர் நாட்டுப் பக்கம் பெண் அலங்காரத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட கல்யாணம், போனேன். பெண்ணின் அம்மா வாசலிலேயே மறித்தார். "ஏனுங்க, எங்க புள்ளைக்கு இந்த ஊதாக் கலரெல்லாம் வேண்டாமுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கல்யாணப் பெண், "அம்மா, அக்காவ உள்ள உடு" என்றாள்.

அவள் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை. கோடு கோணினால் இந்த மலையில் அடுத்த முகூர்த்தத்துக்கு யார் என்னைக் கூப்பிடுவார்கள்? சரிந்த இமைக்காக மோவாயைத் தூக்கி அண்ணாந்து பார்க்காமல், நேராகப் பார்த்து மை தீட்டியது வெகுநாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான். அம்மா வந்து மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி அம்சமா இருக்குதுங்க. உங்களுக்குப் போட்டுவிட்டவங்களத்தான் மொதல்ல மாத்தோணும்."

முதல் கோடு

டாக்டரம்மா சரி சொன்ன அன்று புது மைப் பென்சிலைப் பிரித்தேன். என் கண்ணுக்கு என் கை போக மறுத்தது. கூட வேலை செய்யும் செல்வியிடம் நீட்டினேன். அவள் ஒரு கண்ணை முடித்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பினாள். ரெண்டு இமையும் ஒரே உயரத்தில் இருந்தன. மூக்கை உறிஞ்சினேன். செல்வி பென்சிலை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அழுகறதுன்னா இப்பவே அழுதுருங்க அக்கா, அடுத்த கண்ணுக்கு அப்புறம் போடறேன்."

இப்போது ரெண்டு கண்ணும் நன்றாகத் தெரிவதால், என் மேக்கப்பில் குறை கண்டுபிடிக்க மலையில் ஓர் ஆள் கூடிவிட்டாள், அது நான்தான்.