ஒரு கட்டு, இரண்டு நாற்காலி

பூதத்துக்கும் யாளிக்கும் நடக்கும் சண்டையில் யார் செய்தது நியாயம் என்று போனில் தீர்ப்புச் சொல்வது என் தொழில்.

சிரிக்காதீர்கள். 'ஏழரண்' என்று ஒரு சீட்டு விளையாட்டு. காசு வைத்து ஆடுவதல்ல. மூடிய உறைகளில் சீட்டுகள் விற்பனைக்கு வரும். உள்ளே பூதம் இருக்கிறதா, சூனியக்காரி இருக்கிறாளா, வெறும் நிலம்தானா என்பது பிரித்தால்தான் தெரியும். அப்படிச் சேர்த்ததில் நல்லதாக நாற்பது சீட்டைப் பொறுக்கி ஒரு கட்டு ஆக்கி, எதிராளியின் ஏழு கோட்டைகளை இடிக்க வேண்டும். இந்த விளையாட்டுக்கு ஒரு விதிநூல் உண்டு. விதிநூல் இருந்தால் சந்தேகம் இருக்கும். சந்தேகம் கேட்பவர்களுக்காகக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு செருப்புக் கடையின் மாடியில், சீட்டு விற்கும் கம்பெனியின் சார்பில், இரண்டு போன்களுடன் நானும் உடன் வேலை பார்க்கும் வசந்தியும் உட்கார்ந்திருக்கிறோம்.

இதற்கு முன் நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஓய்வு நேரத்தில் பழைய இலக்கண உரைகளைப் படிப்பவன். இரண்டு வரிச் சூத்திரத்துக்கு இரண்டு பக்கம் உரை எழுதிய அந்தப் பெரியவர்களுக்கு எதிர்க்கேள்வி கேட்க யாரும் போன் செய்யவில்லை என்பதை நினைத்துப் பல நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்ட நண்பர்களே, இது உங்களுக்காக.

செத்த பூதம் அடிக்குமா?

களமருதூரிலிருந்து ஒரு விவசாயி. வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், வரப்பு மேல் துண்டை விரித்து மச்சானோடு ஆடியிருக்கிறார். இவருடைய பூதமும் மச்சானுடைய பூதமும் மோதின. மச்சானுடையது செத்தது. செத்த பூதம் திருப்பி அடித்தது செல்லுமா, செல்லாதா? பின்னால் மச்சானின் குரல், "செல்லும்னு சொல்லுய்யா, நாயத்தச் சொல்லு!" என்று கத்திக்கொண்டிருந்தது.

இரண்டு அடியும் ஒரே நொடியில் விழுவதாகத்தான் கணக்கு. ஆகவே சாகும்போது கொடுத்த அடி செல்லும், உங்கள் பூதமும் காலி என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"சரிதாங்க. எங்க தாத்தா போட்ட கேசும் அப்பிடித்தான். ஆளு போயி எத்தினியோ வருஷமாச்சி, இன்னும் கள்ளக்குறிச்சி கோர்ட்டுல அடிச்சிக்கினுதான் கீது."

கண்ணுக்குத் தெரியாத வீரன்

புதிய மாவட்டம் ஆனதிலிருந்து ஊரில் அலுவலகங்கள் ஜாஸ்தி. அலுவலகங்கள் ஜாஸ்தி ஆனால் மதிய இடைவேளைகளும் ஜாஸ்தி. மதிய இடைவேளையில்தான் எங்களுக்கு அழைப்புகள் குவியும்.

ஓர் அலுவலக ஊழியர், 'கண்ணுக்குத் தெரியாத வீரன்' என்ற சீட்டை மேசையில் போடாமல் தொடைக்கு அடியில் வைத்து ஆடியிருக்கிறார். தெரியாது என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கும்போது அதை ஏன் காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். வசந்தி போனை என்னிடம் தள்ளிவிட்டாள். அந்த வீரன் எதிராளியின் பூதங்களுக்குத்தான் தெரியமாட்டான், எதிராளிக்குத் தெரிய வேண்டும், சீட்டு மேசையில்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். மனிதருக்கு மனசே ஆறவில்லை.

"எங்க ஆபீசுல ஒருத்தர் கீறாரு சார். சட்டை நாற்காலியில தொங்கும், ஆளு இருக்கமாட்டாரு. அவர எந்த மேசையில சார் நான் போட்டுக் காட்டறது?"

கரியாலூரிலிருந்து ஓர் அழைப்பு

மேலே சொன்னவை வழக்கமானவை. மல்லிகாவின் அழைப்பு வழக்கமானதல்ல.

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் அவளுக்கு வீடு. அவளும் கணவன் சின்னராசுவும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போகிறவர்கள். மலையிலிருந்து இறங்கி ஊருக்கு வரும்போதெல்லாம் ஓர் உறை வாங்குவார்களாம். அருவி பார்க்க வரும் இளைஞர்களோடு ஆடி, பேசி, மாற்றி, நாளடைவில் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு கட்டு சேர்த்திருந்தார்கள். மாவட்டப் போட்டி வரப்போகிறது. இருவருக்கும் ஆட ஆசை.

"ஒரே கட்ட வச்சிக்கினு ரெண்டு பேரும் பேரு குடுக்கலாங்களா சார்?"

விதிநூலைப் புரட்டினேன். ஒவ்வொருவரும் தன் கட்டில் என்னென்ன சீட்டு இருக்கிறது என்று காலையில் பதிவு செய்ய வேண்டும். தன் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் கட்டை மேசையில் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் தோல்வி. அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே கட்டைப் பதிவு செய்யக்கூடாது என்று எங்குமே இல்லை. ஏனென்றால் அதை எழுதியவருக்கு, ஆட வருகிறவரிடம் கட்டு இல்லாமல் இருக்கும் என்றே தோன்றியிருக்காது. கேட்டதற்குப் பதில் சொல்வது என் கடமை. கேட்காததையும் சேர்த்துச் சொல்வது என் குணம்.

"பதிவு செய்யலாம். ஆனால் ஒருவர் பத்து நிமிடத்துக்குள் ஆடி முடித்து, மற்றவர் மேசைக்குக் கட்டைக் கொண்டுபோக வேண்டியிருக்கும்" என்றேன்.

"அவ்ளோதான? அதெல்லாம் ஓடிறலாம் சார்" என்றாள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் ஆட வேண்டும், முறை வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் வரலாமே என்றேன். மாவட்டத்தில் முதலாவதாக வருபவர் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போவார். அங்கே வென்றவரின் முகத்தை வரைந்து அடுத்த வருடம் ஒரு சீட்டாக அச்சடிப்பார்கள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வீரன் கீறான், ராணி கீறா, அத்தினி மூஞ்சிங்க கீது. நம்ம மூஞ்சி எதுல சார் வந்திச்சி, ரேஷன் கார்டத் தவுத்து?"

வெறும் மேசை

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். சந்தேகம் தீர்க்க நான் நடுவராக நின்றேன். இப்படி ஒரு காட்சியை நான் எந்த உரையிலும் படித்ததில்லை.

மணி அடித்ததும் மல்லிகா ஆட ஆரம்பிப்பாள். மண்டபத்தின் மறுகோடியில் சின்னராசு வெறும் மேசைக்கு முன் கைகட்டி உட்கார்ந்திருப்பான். எதிரே இருப்பவர், சும்மா கிடைக்கப்போகும் வெற்றியை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருப்பார். மல்லிகா சீட்டு போடும் வேகம் நாற்று நடும் கைகளில்தான் பார்க்கக் கிடைக்கும். எதிராளி பூதத்தை நகர்த்திக் கையை எடுப்பதற்குள் இவள் பதில் மேசையில் இருக்கும். யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். எதிராளி யோசிக்கும்போது அவருக்காகவும் சேர்த்து யோசித்து முடித்திருப்பாள். ஜெயித்ததும் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி ஓடுவாள். சின்னராசு கட்டை வாங்கி மேசையில் வைப்பான். புன்னகை இடம் மாறும். அடுத்த சுற்றில் அவன் முதலில் ஆடுவான், அவள் கைகட்டி உட்கார்ந்திருப்பாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த கம்பெனி மேலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இது விதிப்படி சரியா?" என்றார். தவறு என்று சொல்லும் வரியைக் காட்டுங்கள் என்று விதிநூலைக் கையில் கொடுத்தேன். அவர் அன்று மத்தியானம் வரை படித்துக்கொண்டிருந்தார்.

அரையிறுதியில் மல்லிகாவுக்கு எதிரே ஒரு கல்லூரி விரிவுரையாளர். தாமதித்தால் இவள் பதறிப்போவாள் என்ற விஷயம் தெரிந்துவிட்டது போலும். ஒவ்வொரு சீட்டுக்கும் மோவாயைத் தடவ ஆரம்பித்தார். வேண்டுமென்றே தாமதித்தால் எச்சரிக்கலாம் என்று விதி உண்டு. ஆனால் வேண்டுமென்றே தடவுவதற்கும் வழக்கமாகத் தடவுவதற்கும் வித்தியாசம் சொல்லும் உரை இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகாவே திறந்துவிட்டாள்:

"யோசிக்கறதுன்னா நல்லா யோசிங்க சார், வேணான்னல. ஆனா அங்க பாருங்க, எங்க வூட்டுக்காரரு பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி வெறும் மேசையப் பாத்துக்கினு உக்காந்துகினு கீறாரு."

மண்டபம் சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மோவாயைத் தடவ அவருக்கே கூச்சமாக இருந்தது.

காணாமல் போன யாளி

இருவரும் அரையிறுதியில் ஜெயித்தார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது: இறுதிப் போட்டியில் எதிரெதிரே இருவரும். நடுவில் ஒரே கட்டு.

கடைசியாக ஆடியவன் சின்னராசு. கட்டு அவன் கையில். மேலாளர் விதிநூலை மூடிவிட்டு, "பத்து நிமிடத்தில் கட்டு வைக்காதவருக்குத் தோல்வி. சரிதானே?" என்றார். சரிதான். என் வாயால்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. மணி அடித்தார்கள்.

சின்னராசு கட்டை அவள் பக்கம் தள்ளினான். "இந்தா. நீ சென்னைக்கிப் போயிட்டு வா."

அவள் திருப்பித் தள்ளினாள். "குடுத்து வாங்கிக்கினா அது ஜெயிச்சதா? நாளைக்கி ஒரு சண்டைன்னு வந்தா இதத்தான் மொதல்ல எடுப்பீங்க."

"எடுக்கமாட்டன்."

"எடுப்பீங்க."

"சரி, எடுப்பன். அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"ஆடணும். ஆடி ஜெயிக்கணும்." என் பக்கம் திரும்பினாள். "இரவல் வாங்கலாங்களா சார்?"

வாங்கலாம். ஆனால் காலையில் அவள் பெயரில் பதிவான அதே நாற்பது சீட்டுகள்தான் இருக்க வேண்டும். நான் ஒலிபெருக்கியை எடுத்து, அந்தச் சீட்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

சீட்டு சேகரிப்பவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. மூச்சுக்காற்று பட்டால் மங்கிவிடும் என்று மூக்கைத் திருப்பிக்கொண்டு சீட்டைக் காட்டுகிறவர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அந்த உறைக்கு ஓர் உறை போடுகிறவர்கள். அவர்கள் எழுந்து வந்தார்கள். காலையிலிருந்து இந்த இருவரிடமும் தோற்ற அத்தனை பேரும் ஆல்பங்களைத் திறந்து, உறைகளைப் பிரித்து, "இந்தாங்க காட்டுப்பூதம்", "இந்தாங்கக்கா, தீக்குடுவை" என்று மேசையில் வைத்தார்கள். ஒருவர் சமோசா தின்ற கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தார். நான் வாசிக்க வாசிக்கக் கட்டு வளர்ந்தது.

கடைசிப் பெயர் 'கருங்கல் யாளி'. ஒரு கோட்டையை ஒரே பாய்ச்சலில் இடிப்பது. அது மட்டும் மண்டபத்தில் வேறு யாரிடமும் இல்லை. சின்னராசு கையிலிருந்த கட்டில் மட்டும் இருந்தது.

விதியைத் தேடினேன். போட்டியின் நடுவே ஒரு சீட்டு காணாமல் போனால், அதற்குப் பதில் ஒரு வெறும் நிலச் சீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் மல்லிகாவிடம் யாளி இருந்தது, பதிவில் இருக்கிறது. இப்போது இல்லை. உலக வழக்கில் இதற்குப் பெயர் காணாமல் போவதுதான் என்று தீர்ப்பளித்தேன். மேலாளர் மூடிய விதிநூலை மறுபடி திறந்தார்.

மல்லிகா யாளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிலத்தைச் செருகினாள். அதைப் பார்த்த சின்னராசு தன் கட்டிலிருந்து யாளியை உருவி ஓரமாக வைத்தான். "எனுக்கும் வாணாம். எனுக்கும் ஒரு நிலம் குடுங்க."

"கையில் இருப்பதை எடுத்துவைக்க விதியில் இடமில்லை" என்றேன். எனக்கே என்மேல் கோபம் வந்தது. ஆனால் இல்லாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "காணாமல் போனால்தான் நிலம்."

அவன் எழுந்து வந்து, யாளியை என் சட்டைப்பையில் போட்டான். போய் உட்கார்ந்தான். கட்டை விரித்து ஒவ்வொரு சீட்டாகத் தேடினான்.

"சார், என் யாளியக் காணோம். எங்கனா பாத்தீங்களா?"

மண்டபமே என் சட்டைப்பையைப் பார்த்தது.

"பார்க்கவில்லை" என்றேன். நிலச் சீட்டைக் கொடுத்தேன்.

அதன்பின் நடந்த ஆட்டத்தை விவரிக்க எனக்குச் சொல் போதாது. ஒருவர் கையை ஒருவர் பல காலமாக அறிந்தவர்கள். அவள் சீட்டை எடுக்கும்போதே அவன் சிரித்தான். அவன் பொய்யாக யோசித்தபோது அவள் "ரொம்பத்தான்" என்றாள். ஐந்து கோட்டைக்கு ஐந்து கோட்டை, ஆறுக்கு ஆறு. அவன் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். கடைசிக் கோட்டையை அவள் ஒரு சாதாரணக் காட்டுப்பூதத்தால் இடித்தாள், யாரோ ஆல்பத்திலிருந்து பிரித்துக் கொடுத்த பூதம் அது. சின்னராசு தன் கட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு, "நல்லாத்தான் ஆடுன" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் தோல்வியும் இருந்தது, பெருமையும் இருந்தது. எது ஜாஸ்தி என்று நடுவராலும் சொல்ல முடியவில்லை.

இரவல் சீட்டுகளை அவரவருக்குத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபின் மல்லிகா என் முன்னால் வந்து நின்றாள். சென்னைப் போட்டிக்கான அனுமதிச் சீட்டை வாங்கிச் செருகிக்கொண்டாள். பிறகு, மேலாளருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"சார், காணாம போன யாளி இப்ப கெடச்சிதுங்களா?"

ஆட வருகிறவர்கள் என்னென்ன செய்யக்கூடாது என்று யோசித்து எழுத எங்கள் கம்பெனியில் ஒரு குழுவே இருக்கிறது. என்னென்ன செய்துவிடுவார்கள் என்று யோசிக்க இதுவரை யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை.