பதில் வருகிற கதவு

கடக், கடக். உள் அறையில் சாவி இரண்டு சுற்று திரும்பிய சத்தம் கூடம்வரை கேட்டது. பூட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பினார். மகளின் அறைக்கு அவரே தன் கையால் பொருத்திய பூட்டு அது.

“பாத்தியா உன் பொண்ணு லட்சணத்தை!” அவருடைய அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “சாயங்காலம் பையன் வீட்ல வர்றாங்க. என் முதலாளிக்கு வாக்கு குடுத்திருக்கேன், உங்க மகனுக்கு என் தம்பி பொண்ணுதான்னு. திற கதவை!”

“அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணா?”

“உன்னையே நான் கேக்கலை. அவளை எதுக்குக் கேக்கணும்?”

பூட்டுக்காரரின் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணனோ கருவிப் பையைத் தூக்கிவந்து தம்பியின் காலடியில் தொப்பென்று போட்டார். “ஊர்ப் பூட்டெல்லாம் உனக்குத் தூசு. சொந்த வீட்டுப் பூட்டு மட்டும் மலையாக்கும்?”

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பூட்டுக்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே ஆள் இருந்தால் முதலில் தட்டிக் கூப்பிடுவார். பதில் வரவில்லையென்றால் கதவைப் பெயர்த்தாவது உள்ளே பாய்வார். மயங்கிக் கிடந்தவர்களை அப்படித் தோளில் சுமந்து வந்திருக்கிறார். பதில் வந்துவிட்டாலோ, உள்ளே இருப்பவர் சொல்லாமல் பூட்டைத் தொட மாட்டார். ஒரு பெரிய வீட்டில், மனைவி உள்ளிருந்து பூட்டிக்கொண்ட அறையைத் திறக்க மறுத்து, அந்தக் கணவனிடம் கன்னம் பழுக்க அறை வாங்கியவர். இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்தபின் கதவை அவர் மூட மாட்டார். “நீங்களே மூடிப் பாருங்க” என்று வீட்டுக்காரரிடம் விட்டுவிடுவார்.

ஆனால் இன்று எதிரே நிற்பது, தகப்பன் இல்லாத தன்னை வளர்த்து ஆளாக்கிய அண்ணன். அவர் பேச்சை இதுவரை மீறியதே இல்லை.

பையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக் கதவுக்குப் போனார். தட்டினார். “கண்ணு, அப்பா வந்திருக்கேன்.”

பதில் இல்லை. ஐயோ, என் குலக்கொழுந்தே! பைக்குள் கை பாய்ந்தது.

“இருக்கேன்பா. திறக்காதீங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. பூட்டுக்காரர் பையை மூடினார். “பதில் வந்துடுச்சுண்ணா. இனி இது என் வேலை இல்லை.”

“அப்ப நான் உடைக்கிறேன்!”

பூட்டுக்காரர் கதவோடு முதுகை ஒட்டி, இரு கைகளையும் விரித்தார். “முதல்ல என்னை உடைங்க.”

வாழ்நாளில் முதல்முறையாக அண்ணன் ஓர் அடி பின்வாங்கினார். அப்போது பூட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் கேட்டது: கடக், கடக்.

மகள் தலை நிமிர்ந்து வெளியே வந்தாள். “கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன் பெரியப்பா. உங்க முதலாளியை உங்களுக்குப் பிடிச்சிருக்கு. அவர் பையனை எனக்குப் பிடிக்கணுமே! வேண்டாம்.”

“நான் எந்த முகத்தோட அவர் முன்னாடி போய் நிப்பேன்?”

அழுதுகொண்டிருந்த தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இருக்கிற முகத்தோடயே போங்க மாமா. அதுக்காக என் பொண்ணு வாழ்க்கையைக் குடுக்க முடியாது.”

“இனி இந்த வீட்டு வாசலை மிதிச்சா என்னை என்னன்னு கேளு!” அண்ணன் செருப்பை மாட்டினார். கோபத்தில் இடதும் வலதும் மாறிப்போயின. மாற்றிக்கொள்ளாமலே படியிறங்கினார்.

“எப்ப வேணா வாங்கண்ணா,” என்றார் தம்பி. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “தட்டிட்டு வாங்க.”

வாசல் கதவு திறந்தே கிடந்தது. பூட்டுக்காரர் விலகி நின்று மகளைப் பார்த்தார்.

“நீயே மூடும்மா.”

அவள் மூடினாள்.