உச்சிமாடியார் கட்டிய கம்ப்யூட்டர்

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டில் கால் வைத்தாலும் கை தானாக உச்சி மாடிப் பட்டனுக்குப் போய்விடும். ஏறும்போது என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி. கூட யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பால் வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர் பன்னிரண்டாவது வரை போய்த் திரும்பியிருக்கிறார். குடியிருப்பில் அவருக்கு உச்சிமாடியார் என்று பெயர் விழுந்தது.

அவர் மனைவி வீட்டிலிருந்தே எம்பிராய்டரி டிசைன் போடுபவர். சட்டைப் பையில் வரும் பள்ளிக்கூட முத்திரை, டாக்டர் கோட்டில் பெயர் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து தையல் கம்பெனிக்கு அனுப்புவார். அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரு திங்கட்கிழமை லேசாகப் புகைவிட்டு மண்டையைப் போட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முத்திரை வராவிட்டால் இனி வேலை வேறு ஆளுக்கு என்று கம்பெனிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தம்மாவுக்கு எட்டு வருட வாடிக்கை, பாவம்.

"கடையில ரெடியா ஒண்ணு வாங்கிடலாங்க" என்றார் மனைவி.

"கடைக்காரன் மாட்டினதை நம்பியா உக்காருவே? நானே கட்டித் தர்றேன். நீ பேசாம இரு."

கட்டினார். குறை சொல்ல முடியாது. பிராசசரும் போர்டும் ஒத்துப்போகுமா என்று ஒரு நாள் முழுக்கப் படித்தார். பவர் சப்ளை தேவைக்கு இரண்டு மடங்கு. ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று டிஸ்க்கும் இரண்டு. லிஃப்டுக்குத் தேவைக்குமேல் தாங்குகிற கம்பியாகப் பார்த்துப் போட்டே பழகிய கை அல்லவா! ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மட்டும் அவர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. லினக்ஸ் வருடக்கணக்கில் நிற்காமல் ஓடும் என்று எங்கோ படித்திருந்தார். நிற்காமல் ஓடுவதைவிட ஒரு இயந்திரத்துக்கு வேறென்ன லட்சணம் வேண்டும்? அதையே ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்தது. டிசைன் சாஃப்ட்வேர் மட்டும் எழவில்லை.

"ஏங்க, இது திறக்கவே மாட்டேங்குதே."

உச்சிமாடியார் எட்டிப் பார்த்தார். "இது விண்டோஸ்ல ஓடுறதா?"

"எட்டு வருஷமா உங்க கண்ணு முன்னாடிதானே போடுறேன்? இதுல என்ன வேலை செய்யப்போறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? என்னையும் உச்சி மாடிக்குக் கொண்டுபோய் விட்டுட்டீங்களே!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உச்சிமாடியாருக்குச் சுருக்கென்றது. இரண்டாவது டிஸ்க்கில் விண்டோஸை ஏற்றினார். அது முடிய மதியம் ஆகிவிட்டது. மனைவி சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. உச்சிமாடியார் ஊட்டிவிட வந்தபோது, "கை மறைக்குது, தள்ளுங்க" என்றார். இருட்டுவதற்குள் முத்திரை போய்ச் சேர்ந்தது. கம்பெனிக்காரர், "வந்துடுச்சும்மா, அடுத்தது திங்கக்கிழமை அனுப்புறேன்" என்றார்.

மறுநாள் இருவரும் காய்கறிப் பையோடு லிஃப்டில் ஏறினார்கள். உச்சிமாடியாரின் கை வழக்கம்போல மேலே போயிற்று. பாதியில் நின்றது.

"எந்த மாடி?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் குடியிருப்பது இரண்டாவது மாடியில்தான். மனைவி சிரிக்கவில்லை.

"ரெண்டு" என்றார்.