வேலையில் இல்லாதவளின் வேலைநீக்கம்

அந்தத் தையல் தொழிற்சாலையில் அவளைப் பித்தான் அக்கா என்றார்கள். சட்டைக்குப் பித்தான் தைக்கும் மெஷினில் கல்யாணத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தவள். இப்போது மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். புருஷனின் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அவன் வேலை தேடிச் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருக்க, இவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் ஊழியர் பதிவேட்டில் இவள் பெயர் கிடையாது. "அடுத்த மாசம் சேர்த்துடலாம்மா" என்று சொல்லிச் சொல்லியே மேனேஜருக்குத் தலை நரைத்துவிட்டது.

தொழிலாளர் துறை அதிகாரி வரும் நாளில், பதிவில்லாத பெண்களைத் துணிக் கிடங்கில் தள்ளிப் பூட்டுவார்கள். பூட்டிக் கிடந்த நேரத்துக்குக் கூலியும் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் வேலை செய்யவில்லையாம். கண்ணுக்குத் தெரியாமலிருப்பது கடவுளுக்குப் பெருமை. கூலிக்காரிக்கு அது பட்டினி.

போன வாரம் மெஷின் ஊசி அவள் விரலைத் துளைத்தது. ஆஸ்பத்திரிச் செலவு கேட்டாள். "அப்படி யாரும் எங்ககிட்ட வேலை செய்யலையே" என்றார் மேனேஜர், அவள் முகத்தைப் பார்த்தே.

இன்று அதிகாரி வந்தார். கிடங்குக்குள் அடைபட்டவள் கதவை ஓங்கி உதைத்தாள்.

"என்ன சத்தம்?" என்றார் அதிகாரி.

"எலி சார். தொல்லை தாங்கல."

"நல்லாத் தீனி போட்டு வளர்க்கிறீங்க போல."

இருவரும் சிரித்தார்கள். அவள் கிடங்குச் சன்னல் கம்பி வழியே கையை நீட்டினாள்.

"எலி விரல்ல கட்டுப் போட்டிருக்கு, பாருங்க சார்."

அதிகாரி பார்த்தார். பார்த்துவிட்டு, தேநீர் ஆறுகிறதென்று மேனேஜர் அறைக்கு நடந்தார். எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது என்பதற்கும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது.

அவர் கார் கிளம்பியதும் கிடங்கைத் திறந்து, எல்லோர் முன்னாலும் மேனேஜர் கத்தினார். "நாளையிலேருந்து நீ வராதே. உன்னை வேலையை விட்டு நிறுத்தியாச்சு."

"சரி சார். எழுதிக் கொடுங்க."

"என்னத்தை?"

"இவளை வேலையை விட்டு நிறுத்திட்டோம்னு. கையெழுத்துப் போட்டு."

கோபத்தில் பேனாவை எடுத்தவர் சட்டென்று நின்றார். நிறுத்தியதாக எழுதினால், இத்தனை வருஷம் வேலை செய்தாள் என்றல்லவா ஆகிவிடும்? பேனா மூடிக்குள் போனது.

"போய் மெஷின்ல உட்காரும்மா. அப்புறம் பேசிக்கலாம்."

"எந்த மெஷின் சார்? நான்தான் இங்க வேலையே செய்யலையே."

அவர் மேஜைக்கு எதிரே, வெளியாட்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கிடங்கிலிருந்து வந்த பெண்கள் யாரும் மெஷின் பக்கம் போகவில்லை. அவர்களில், பித்தான் துளைக்குக் காஜா அடிப்பவள் முன்னால் வந்து நின்றாள்.

"சார், அப்படியே எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுத்துடுங்க."