நிலுஷி கத்திய சொல்

கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நானும் தெல்தெனியச் சிங்களப் பெண் நிலுஷியும் பள்ளிக் காலத்திலிருந்தே பட்மின்டன் இரட்டையர் ஜோடி. ஷட்டில் கோட்டுக்கு வெளியே போகுமா என்பது பின்னால் நிற்பவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் "விடு!" என்று கத்தினால், முன்னால் நிற்பவள் அதைத் தொடக் கூடாது. அந்தத் தமிழ்ச் சொல்லை நிலுஷி என்னிடம்தான் கற்றாள்.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் இறுதி ஆட்டம் கண்டியில் நடந்தது. தொடங்குமுன் தேசிய அணி மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். நாட்டுக்காக ஆட வருகிறவர்கள் களத்தில் தமிழில் கத்துவது அழகில்லை என்று சிங்களத்தில் சொன்னார்.

"சரி சேர்" என்றேன்.

முதல் செட்டின் முடிவில், வெளியே போகிற ஷட்டில் ஒன்று முன்னால் நின்ற நிலுஷியின் தலைக்கு மேல் வந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் அந்த அரை நொடியில் சிங்களச் சொல் வாயில் வரவில்லை. அவள் எம்பி அடித்தாள், வலையில் விழுந்தது. செட் போயிற்று.

இடைவேளையில் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அவரா வெளையாடுறது? நாமதானே? நீ கத்து!" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில், மேலாளர் திரும்பிப் பார்க்கும்படி.

இரண்டாவது செட்டை எடுத்தோம். கடைசி செட்டின் கடைசிப் புள்ளியில் நான் முன்னால் நின்றேன். ஷட்டில் எட்டி அடிக்கும் உயரத்தில் வந்தது.

"விடூ!"

அரங்கமே அதிரக் கத்தினாள் நிலுஷி. ராக்கெட்டை இறக்கினேன். ஷட்டில் கோட்டுக்கு வெளியே விழுந்தது.

மேலாளரும் எழுந்து கைதட்டினார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் ஆடிவிட்டோம். எங்கள் சொல் மாறவில்லை. கேட்கப் பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.