கடைசி நாளில் தொடக்க விழா

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் திருவனந்தபுரத்தில் ஒரு பொது நூலகத்தைத் திறந்து, பெருக்கி, துடைத்து, பூட்டி, பென்ஷன் வரைக்கும் வேலை பார்த்தேன். செல்லம்மா துடைத்த தரையில் கால் வைக்கக் கூசுகிறது என்று பெரிய பெரிய ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். அங்கே இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள், "உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க சேச்சி" என்று கேட்டார்கள். கேட்டதால் சொல்லி எழுதவைக்கிறேன். கேட்காதவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை.

பெட்டி வந்த நாள்

கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு இலவச முகாம். காலையில் படம் வரைதல், மதியம் கம்ப்யூட்டர். மதிய வகுப்புக்கென்று ஒரு கம்பெனி டேப்லெட்டுகளை இனாமாக அனுப்பியிருந்தது. பெட்டிகள் வந்து இறங்கியதும் குழந்தைகள் ஈ மொய்ப்பதுபோல் சுற்றிக்கொண்டன. செக்ரட்டரி சார் ஓடிவந்தார். பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, சிவப்பு ரிப்பன் வாங்கிவரச் சொல்லி, குறுக்கும் நெடுக்கும் கட்டினார்.

"உத்காடனம் கழியாம ஆரும் தொடக்கூடாது, கேட்டோ" என்றார். திறப்பு விழா முடிகிற வரைக்கும் கை வைக்கக்கூடாது.

"விழா எப்போ சார்?"

"விஐபிக்கு டேட் இல்ல, செல்லம்மே. கேம்ப் முடியிற அன்னைக்குத்தான் வருவாரு."

"பின்னே, பிள்ளைக்கு மீசை முளைச்ச பொறவு பேரு வைக்கிறதா சார்?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரிப்பனில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

கரும்பலகைக் கம்ப்யூட்டர்

மதிய வகுப்பு வாத்தியார் அனூப். என்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். பாவம், என்ன செய்வான்? கரும்பலகையில் டேப்லெட் மாதிரி ஒரு கட்டம் போட்டு, உள்ளே பட்டன்கள் வரைந்து, "இதைத் தொட்டா கேமரா, இதைத் தொட்டா படம் ஓடும்" என்று சொல்லிக்கொடுத்தான். பிள்ளைகள் வரிசையில் வந்து பலகையைத் தொட்டன. விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைச் சுவரில் தேய்த்தன. சுவரை நான் துடைத்தேன். அந்த வருஷம் எங்கள் நூலகம் கற்றுக்கொடுத்த டெக்னாலஜி இவ்வளவுதான்.

அவன் பாக்கெட்டில் நல்ல போன் இருந்தது. ஆனால் குழந்தைகள் பிரிவில் மொபைல் கூடாதென்று சுவரில் போர்டு மாட்டியிருந்தது.

"வெளியில எடுத்தா செக்ரட்டரி சார் என்னைக் கொல்லும், சேச்சி" என்பான்.

பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாமாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "மோன் ஏஐ பண்ணத் தொடங்கிட்டானா?" என்று கேட்பார்கள். அந்த அருமை மகன் மேசைக்கடியில் கிரேயானைத் தின்றுகொண்டிருப்பான்.

டேப்லெட் வராது என்று தெரிந்ததும் மற்றப் பிள்ளைகள் விளையாடப் போய்விட்டன. ஒருத்தி மட்டும் போகவில்லை. பெயர் இசக்கியம்மாள். மூன்றாம் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. அப்பாவுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வெல்டிங் வேலை. ஒரே படத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வரைந்து, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வேகமாக ஓட்டினால் படம் அசையும் என்று அனூப் சொல்லியிருந்தான். அதைக் கேட்டுத் தாள் தாளாக வரைந்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இது, ஒட்டகமா?" என்றேன்.

"கிரேன் ஆச்சி. கப்பல்லேருந்து பெட்டியைத் தூக்கிக் கரையில வைக்கும். எங்கப்பா வேலை பாக்குற இடம்."

"ஆச்சியா? எல்லாரும் சேச்சின்னுதான் கூப்பிடுவாங்க."

"சரி ஆச்சி."

கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற அது ஒட்டகம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் இந்தத் தாளைவிட அடுத்த தாளில் பெட்டி ஒரு நூலளவு கீழே இறங்கியிருந்தது. அதையும் நான் பார்த்தேன்.

ரிப்பன் நாள்

கடைசி நாள். காலையிலேயே பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் குத்துவிளக்கைத் தேய்த்து எண்ணெய் விட்டேன். விஐபி கல்லாறு என்கிற ஊரில் வேறொரு விழாவில் இருக்கிறார், கிளம்பிவிட்டார், வந்துகொண்டிருக்கிறார் என்று போன்மேல் போன். மதியச் சோற்று நேரமும் போயிற்று.

அப்போது இசக்கியின் அம்மா கையில் பையோடு வாசலில் வந்து நின்றாள். துறைமுகத்தில் வேலை முடிந்துவிட்டது, குஜராத் பக்கம் போகிறார்கள். சாயங்காலம் ரயில். அவள் புருஷன் மூட்டை முடிச்சோடு தம்பானூர் ஸ்டேஷனில் காத்திருக்கிறான்.

"ஏட்டி, வா போவோம். நேரமாச்சு."

"படம் ஓடலைம்மா இன்னும்."

"ஓடாட்டி என்னட்டி? ரயிலு ஓடிரும்."

பிள்ளை அசையவில்லை. தாய்க்காரி செக்ரட்டரியிடம் போனாள். "சார், அந்தப் பெட்டியில ஒண்ணே ஒண்ணைத் தொறந்து பிள்ளை படத்தை ஒரு தடவை காட்டிருங்க. நாங்க போயிருதோம்."

"விஐபி வரட்டும்மா. எல்லாரும் சேந்து காணலாம். அஞ்சு மினிட்."

அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் அவர் காலையிலிருந்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அனூப்பின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போனை எடுத்துட்டு என் பொறத்தால வா."

"சேச்சி, அந்த போர்டு..."

"என் ரூம்ல போர்டு இல்லடா."

படிக்கட்டுக்குக் கீழே துடைப்பம், வாளி எல்லாம் வைக்கிற அறை. ஒரு குண்டு பல்பு. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்தோம். இரண்டு பக்கமும் ஃபினாயில் பாட்டில்களை நிறுத்தி, அவற்றின்மேல் போனைக் கேமரா கீழே பார்க்கப் படுக்கவைத்தான் அனூப். இசக்கி தாளை மாற்றுவாள், அவன் எடுப்பான், நான் மூலையை அமுக்கிப் பிடிப்பேன். தாய்க்காரி வாசலில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் அனூப் ஓட்டினான். ஒட்டகம் கழுத்தைத் தாழ்த்தியது. பெட்டி இறங்கியது. இறங்கி, கரையில் உட்கார்ந்தது. தும்மி முடிக்கிற நேரம்தான்.

"வச்சிருச்சு!" என்று கத்தினாள் இசக்கி. "திரும்பப் போடுங்க!"

தாய்க்காரியும் உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். மூன்றாம் தடவை பார்த்துவிட்டு, "இதை என் போனுக்கு அனுப்புங்க தம்பி. இவ அப்பா பாக்கணும்" என்றாள். பிறகு ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டேன். ரயிலைப் பிடித்துவிட்டதாக அனூப்புக்குத் தகவல் வந்தது.

உத்காடனம்

விஐபி இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். விளக்கேற்றினார், பொன்னாடை போர்த்திக்கொண்டார், ரிப்பனை வெட்டினார். பெட்டியைப் பிரித்து முதல் டேப்லெட்டை ஒரு பிள்ளை கையில் கொடுத்தார். அமுக்கினால் கறுப்பு. இன்னொன்று, அதுவும் கறுப்பு. எதிலும் உயிர் இல்லை.

செக்ரட்டரி சார் என் காதருகே வந்தார். "செல்லம்மே, சார்ஜர் எவிடே?"

"பெட்டிக்குள்ள இருக்கும் சார். நீங்கதானே கட்டி வச்சீங்க?"

சிரித்தார். கறுப்புக் கண்ணாடியில் விரலை வைத்துச் சிரிக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் போட்டோ எடுத்தார்கள். அதுவும் பேப்பரில் வந்தது.

பெண்களே, நான் கற்றுக்கொண்டது இதுதான். ஹால் சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அலமாரிச் சாவியையும் கொடுத்துவிடுங்கள். துடைப்ப அறைச் சாவியை மட்டும் உங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் கட்ட யாருக்கும் தோன்றாத அறை அது ஒன்றுதான்.