ஆமைப் படத்தில் நான் மாற்றிச் சொன்ன வரி

கொழும்புத்துறைக் கரையில் படம் காட்ட வந்த இளைஞர்கள் எங்களிடம் நாள் கேட்டார்கள். “பூரணையண்டைக்கு வையுங்கோ, எல்லாரும் நிப்பம்” என்று கரை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. நிலவு வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும். அன்று தொழிலுக்குப் போகிறவர்கள் குறைவு. அந்த நிலவு திரையிலும் விழும் என்று, தினமும் வானத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகிற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். படங்கள் ஆங்கிலத்தில் இருந்ததால், மைக்கைப் பிடித்து வரிக்கு வரி தமிழில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. கேட்டவுடன் பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். படங்களை முன்கூட்டியே பார்க்கத் தந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

கடைசிப் படம் கடலாமைகளைப் பற்றியது. தங்கூசி வலையில் சிக்கி ஓர் ஆமை மூச்சுமுட்டிச் சாகிறது. தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாத அந்த மெல்லிய நைலோன் வலை இங்கே தடைசெய்யப்பட்டது. தடையை மீறி அதைப் போடுகிறவர்களில் என் அக்காவின் கணவரும் ஒருவர். அப்பா இறந்த பிறகு என்னைத் தன் வீட்டில் வைத்து, கம்பஸ் வரைக்கும் படிப்பித்தவர் அத்தான். அவருடைய வலை எதுவென்று கரைக்கே தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. அதை நான் மைக்கில் கதைத்து, ஊருக்கு முன்னால் அவரைத் தலைகுனிய வைப்பதா? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த இடம் வரும்போது ஒரே ஒரு வரியை மாற்றிச் சொல்லிவிடுவது.

பொழுதுபட்டதும் கிழக்கே பெரிய நிலவு எழும்பி, திரையில் நேராக அடித்தது. படத்தில் இருந்த பனிமலை வெறும் சீலையாகத் தெரிந்தது. நல்ல சிரிப்பு. பிறகு எல்லோருமாகத் திரையைக் கழற்றிக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய், அதன் பின்னால் கறுப்புப் படங்குச் சீலை ஒன்றை மறைப்பாகக் கட்டினார்கள். சனம் கதிரையைத் தூக்கி மறுபக்கம் திருப்பிப் போட்டது. அப்படித் திரும்பியதில் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது. ஒருவர் கண்ணிலும் படாமல் பின்னால் இருந்த அத்தான், இப்போது எனக்கு நேர் முன்னால் இருந்தார்.

முதல் படத்தில் ஒருவர் பனிமலையில் கயிற்றில் தொங்கினார். “உந்தாளுக்கு வீட்டிலை கேக்கிறதுக்கு ஆக்கள் இல்லையே?” என்று ஒரு மனுசி கத்தினாள். அடுத்ததில் ஒரு பெண் சின்னப் படகில் தனியாகத் தீவைச் சுற்றி வந்தாள். எங்கள் ஆட்கள் அவளுக்குத் தண்டு வலிக்கப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். “காத்துக்கு எதிரா உப்பிடியே வலிக்கிறது!” அத்தான்கூடச் சிரித்தார்.

பிறகு ஆமை வந்தது. சிரிப்பு அடங்கியது. வலைக்குள் அது துடுப்பை அடித்து அடித்து ஓய்ந்துபோனது. “இந்த வலையைப் போடுகிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் போடுகிறார்கள்” என்றது படத்தின் ஆங்கிலக் குரல். நான் மைக்கில், “யாரோ தெரியாமல் போட்ட வலை” என்றேன்.

“பிள்ளை.”

அத்தான் எழுந்து நின்றார்.

“உவன் அப்பிடிச் சொல்லேல்லை. தெரிஞ்சுதான் போடுறாங்கள் எண்டு சொன்னவன். சரியாச் சொல்லு.”

கலியாணத்துக்கு முன் அவர் ஆறேழு வருடம் வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்தவர். வீட்டில் ஒருநாளும் ஆங்கிலத்தில் கதைத்ததில்லை. அதனால் அவருக்கு அது விளங்கும் என்பதையே, ஆங்கிலம் படிப்பிக்கிற நான் மறந்துபோனேன். கரை முழுவதும் எங்கள் இரண்டு பேரையும்தான் பார்த்தது. “தெரிந்துதான் போடுகிறார்கள்” என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. அவர் உட்கார்ந்து, படத்தை முடிவுவரை பார்த்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். “உங்களுக்கு மரியாதைக் குறைவா வந்திடும் எண்டுதான்…”

“என்ரை மரியாதையை நான் பாக்கிறன். தெரியாமல் செய்யிறன் எண்டு சொல்லி என்னைச் சின்னப்பிள்ளை ஆக்காதை. தெரிஞ்சுதான் போடுறன். மற்ற வலையிலை எங்கடை வீடு நடக்காது. அதையும் தெரிஞ்சுதான் போடுறன்.”

அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வகுப்பில் சரி பிழை போடுவது எவ்வளவு சுகமான வேலை என்று நினைத்தேன்.

நிலவு தேயத் தொடங்கியதும் அவர் மறுபடியும் தொழிலுக்குப் போனார், அதே வலையோடு. மத்தியானம் அக்கா மீன்குழம்பு வைத்து எனக்கு நடுத்துண்டைப் போட்டாள். அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நானும் சாப்பிட்டேன். தெரிந்துதான்.